ஹெலிகாப்டரில் போய் மாப்பிள்ளை பார்த்த கதை

மாப்பிள்ளை பார்க்கக் கப்பலேறிப் போனவர்கள் எங்கள் குடும்பத்தில் பலர் உண்டு. ஆகாயத்தில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தவள் நான் ஒருத்திதான். இந்தப் பெருமையை வேறு யாரும் தட்டிக்கொண்டு போவதற்குள் எழுதிவைத்துவிடுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். கொழும்பில் என் கணவருக்கு ஜவுளிக்கடை. என் பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் பூர்வீகம் தென்காசிப் பக்கம். என் தங்கை மனோன்மணி கொழும்பிலேயே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்கு வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் பெயர் துரைப்பாண்டி. தூரத்து உறவு, எனக்குக் கொழுந்தன் முறை. விமானப்படையில் சில வருஷம் இருந்துவிட்டு, இப்போது பம்பாய்க் கம்பெனி ஒன்றின் ஹெலிகாப்டரில் பைலட்டுக்குத் துணையாகப் பறக்கிறானாம். "நேரில் போய்ப் பாருங்கள். பிடித்திருந்தால் அங்கேயே தட்டு மாற்றிவிட்டு வாருங்கள்" என்றார் அப்பா.

தட்டு மாற்றிவிட்டால் பிறகு பின்வாங்க முடியாது. மனோவுக்கும் அது தெரியும். நான் பெட்டி கட்டும்போது வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, கறுப்பா சிவப்பா, நெலம் எவ்வளவு, அதெல்லாம் அப்பா பாத்துக்கிடட்டும். நான் ஒண்ணு சொன்னா அது அவரு காதுல ஏறுமா? அத மட்டும் நீ பாத்துட்டு வா" என்றாள்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. முன்பு ஒரு சம்பந்தத்தில் பெண் பார்க்க வந்தவர்களிடம், "கல்யாணத்துக்கு அப்புறமும் நான் வேலைக்குப் போகலாமா?" என்று நேராகவே கேட்டுவிட்டாள். அது காதில் விழாததுபோலப் பையனின் அப்பா என் கணவர் பக்கம் திரும்பி, மல்வேட்டி விலையை விசாரித்தார். அன்று அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். கடல் தாண்டி, தனியாக ஒரு வீட்டுக்குள் போகப் போகிறவள். அங்கேயும் இப்படித்தான் என்றால் நான் அவளை அனுப்ப மாட்டேன் என்று தீர்மானம் செய்துகொண்டுதான் புறப்பட்டேன்.

தென்காசியில் இறங்கியதும் முதல் சோதனை ஜட்கா வண்டி ரூபத்தில் வந்தது. என் கணவர் கொஞ்சம் பூசினாற்போல இருப்பார். கொழும்பு டிராலி பஸ்ஸில் ஏறுகிற ஞாபகத்தில் பின்பக்கமாக ஏறித் தொப்பென்று உட்கார்ந்தார். வண்டி பின்னால் சாய்ந்தது. குதிரை முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தது.

"அண்ணாச்சி, முன்னுக்குத் தள்ளி வாங்க. குதிரைக்குக் காலு தரையில பட மாட்டேங்குது" என்றார் வண்டிக்காரர்.

கணவர் முன்னால் நகர்ந்தார். நான் பின்னால் நகர்ந்தேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். இப்படி எடை பார்த்து எடை பார்த்து ஒருவழியாகக் குதிரைக்குத் தரை எட்டியது. குற்றாலத்தில் ஜாகை எடுத்திருந்தோம். வழியெல்லாம் மலை கூடவே வந்தது. சாரல் ஆரம்பித்துவிட்டதால் அதன் உச்சி தெரியவில்லை.

மறுநாள் மேலகரத்தில் விருந்து. துரைப்பாண்டியின் தாய்மாமன் வீடு அங்கே இருந்தது. அவன் அம்மா வாசுதேவநல்லூரிலிருந்து வந்து தங்கியிருந்தார். நான் அத்தை என்று கூப்பிட்டேன். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல்.

இலையில் சொதி விழுந்ததும் இது சொதிதானா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கொழும்பில் நாங்கள் சொதி என்று சொல்வது தேங்காய்ப்பாலில் மிளகாயும் வெங்காயமும் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, நீர்க்க வைக்கிற ஒன்று. இடியப்பத்துக்கு ஊற்றிக்கொள்வோம். இங்கேயானால் உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ், முருங்கைக்காய், பாசிப்பருப்பு என்று ஒரு காய்கறிக் கடையே பாலில் மிதந்தது. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. என் கணவர் மூன்று தடவை வாங்கினார். சொதி தீரும்வரை அவர் வாய் சாப்பிடுவதற்கு மட்டுமே திறந்தது.

பையனைப் பார்த்தேன். நல்ல உயரம், வெயிலில் காய்ந்த நிறம், அடக்கமான முகம். எல்லாம் சரி. ஆனால் ஒரு விநோதம்.

"இன்னும் கொஞ்சம் சொதி ஊத்தட்டுமா?" என்றார் மாமன் மனைவி.

"சொதி, கொஞ்சம். ஊத்துங்க" என்றான்.

"தம்பி, நாளைக்கு நாங்க அருவிக்குப் போறோம். காலையில ஏழு மணிக்கு வரமுடியுமா?" என்று நான் கேட்டேன்.

"அருவி, காலையில ஏழு மணி. வாரேன் மதினி."

"அந்தச் செம்பை எடு" என்றால் "செம்பு" என்று சொல்லிவிட்டு எடுக்கிறான். "மழை வரும்போல" என்று என் கணவர் சும்மா சொன்னார். "மழை, வரும்போல" என்று அதையும் திருப்பிச் சொன்னான். சொந்தமாக ஒரு வார்த்தை வரவில்லை. என் கணவர் இலையை மடித்துவிட்டு என் காதில், "பையனுக்கு ஏதோ கோளாறு இருக்கு. சொன்னது மண்டையில ஏற நேரம் எடுக்குது" என்றார்.

அத்தையும் அதைக் கவனித்திருக்க வேண்டும். அடுக்களையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தாயி, தப்பா நெனச்சிராத. அந்த ஹெலிகாப்டர்ல ஏறுனதுல இருந்துதான் இப்பிடிச் சொல்லுதான். கோயில்ல கயிறுகூட மந்திரிச்சுக் கட்டியாச்சு, நிக்கல. ஆனா ஒண்ணு, திருப்பிச் சொன்னான்னா அந்த வேலை முடிஞ்ச மாதிரிதான்."

மூன்றாம் நாள் சொன்னபடி ஏழு மணிக்கு வந்து நின்றான். பேரருவியில் பெண்கள் பக்கம் போய் எண்ணெய் தேய்த்து நின்றதைத் தனியாக எழுதவேண்டும். தலையில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் குட்டுகிற மாதிரி இருந்தது, ஆனால் வெளியே வரவே மனமில்லை. கொழும்பில் காலி முகத்திடலில் அலையைப் பார்க்கத்தான் முடியும். இங்கே தண்ணீர் நம்மைத் தேடி வந்து அடிக்கிறது.

பிறகு ஐந்தருவி. அங்கே ஒரு கடையில் சுடச்சுட நேந்திரங்காய் வறுவல் வாங்கினேன். பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் ஒரு குரங்கு அதைப் பிரித்துவிட்டது. கடைக்காரர், "அதுக்குப் பெறவுதாம்மா மனுசங்களுக்கு" என்று சிரித்துக்கொண்டே இன்னொரு பொட்டலம் கட்டினார்.

ஐந்தருவியில் இன்னொன்றும் பார்த்தேன். ஆண்கள் பக்கம் என் கணவர் பாசிப்பாறைமேல் காலை வைக்கப் போனார். நான் இங்கிருந்து கத்தினேன். அருவி இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் திரும்பியிருக்க மாட்டார். அது வேறு விஷயம். துரைப்பாண்டி நான் கையாட்டியதைப் பார்த்துவிட்டான். வாயைத் திறக்காமல் அவர் தோளில் தட்டினான், பாறையைக் காட்டினான், உள்ளங்கையை விரித்து 'நில்லுங்கள்' என்றான். அவர் நின்றதும் என் பக்கம் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். மந்தமான பையன் செய்கிற காரியமாக அது எனக்குப் படவில்லை.

நான்காம் நாள் மேலகரம் திடலுக்குப் போனோம். மலைக்கு அந்தப் பக்கம் ரப்பர்த் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டர் அது. அங்கே மழை பிடித்துக்கொண்டதால் இங்கே வந்து உட்கார்ந்திருந்தது. கண்ணாடிக் குண்டு ஒன்று, அதற்குப் பின்னால் இரும்புக் கம்பிகளால் பின்னிய ஒரு வால், தலைமேல் இரண்டு இறக்கை. அத்தை அதற்கு ஒரு பெரிய சாமந்தி மாலை போட்டுச் சூடம் காட்டியிருந்தார். ஊரே கூடி நின்றது.

பைலட்டை எல்லாரும் கேப்டன் என்றார்கள். நரைத்த மீசை, பம்பாய்க்காரர், இங்கிலீஷில்தான் பேச்சு. எனக்குக் கான்வென்ட் இங்கிலீஷ் இருந்ததால் பேச்சுத் துணை கிடைத்த சந்தோஷத்தில் கொட்டித் தீர்த்தார்.

"உங்கள் ஊர்க்காரர்கள் என்னைக் கொல்லப் பார்த்தார்கள் தெரியுமா? முதல் நாள் இறங்க இடம் தேடி மேலே நிற்கிறேன். கீழே நூறு பேர் உள்ளங்கையைக் கீழே பார்த்து வைத்துக்கொண்டு ஆட்டுகிறார்கள். எங்கள் தொழிலில் அதற்குக் 'கீழே இறங்கு' என்று அர்த்தம். சரி, இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள் என்று நம்பி இறங்கினேன். நேராக வைக்கோற்போர்!"

நாம் யாரையும் 'வாங்க வாங்க' என்று கூப்பிடும்போது அப்படித்தானே கையை ஆட்டுவோம். ஊர் அவரை வரவேற்றிருக்கிறது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்தச் சிரிப்பிலேயே, செங்கோட்டைக் கணவாயில் மேகம் விலகிவிட்டதா என்று பார்த்து வரப் போகிறோம், ஓர் இடம் இருக்கிறது, யார் வருகிறீர்கள் என்று கேட்டார். என் கணவர் அவசரமாக இடுப்பு வலி என்றார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நான் வாரேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் இனிக்கிறது.

உள்ளே மூன்று பேர் வரிசையாக உட்காரும் ஒரே இருக்கை. வழக்கமாகக் கேப்டன் இடது ஓரம், வருகிறவர் நடுவில், துரைப்பாண்டி வலது ஓரம். இரண்டு ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் நான் உட்காருவதா என்று அத்தையும் என் கணவரும் ஒரே குரலில் மறுத்தார்கள். அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். ஆகவே துரைப்பாண்டி நடுவில் வந்தான், நான் வலது ஓரம் போனேன்.

"அப்பம் வலது பக்கத்துக்கு ஆளு நீங்கதான் மதினி" என்றான். அவன் முகமே மாறியிருந்தது. "கேப்டனுக்கு அந்தப் பக்கம் தெரியாது. எனக்குப் பாதிதான் தெரியும். கம்பி, மரம், பருந்து, எது தெரிஞ்சாலும் உடனே சொல்லணும். நான் திருப்பிச் சொல்லுவேன். திருப்பிச் சொல்லலன்னா எனக்குக் கேக்கலன்னு அர்த்தம். மறுபடி சொல்லுங்க. கேக்குத வரைக்கும் சொல்லுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொதியும் செம்பும் திரும்பி வந்தது இதனால்தானா!

காதில் ஹெட்போன் மாட்டினார்கள். என் கொண்டையும் மல்லிகைப் பூவும் இடம் கொடுக்காமல் பெரிய போராட்டம். வாய்க்கு முன்னால் ஒரு மைக். மாலையைக் கழற்றிவிட்டு இன்ஜினை முடுக்கியதும் ஐந்தருவி மொத்தமும் தலைமேல் விழுந்த சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவே காதுக்குள் இரண்டு குரல்கள் மட்டும் அமைதியாகப் பேசிக்கொண்டன.

"இடது பக்கம் ஆள் இல்லை" என்றார் கேப்டன்.

"இடது பக்கம் ஆள் இல்லை. வால் பக்கம் ஆள் இல்லை" என்றான் துரைப்பாண்டி.

"வால் பக்கம் ஆள் இல்லை. மேடம், வலது?"

என்னையா கேட்கிறார்கள் என்று ஒரு கணம் திகைத்தேன். பார்த்தேன். "வலது பக்கம் யாரும் இல்லை" என்றேன்.

"வலது பக்கம் யாரும் இல்லை" என்று இரண்டு குரல்களும் சொன்ன பிறகுதான் வண்டி தரையை விட்டது. நான் சொன்னதற்காக ஓர் இயந்திரம் காத்திருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மேலே போனதும் வயல்கள் எல்லாம் பாய் விரித்தாற்போலக் கிடந்தன. செங்கோட்டையைத் தாண்டிக் கணவாயை எட்டிப் பார்த்தோம். மேகம் இன்னும் மூடித்தான் இருந்தது. அவர்கள் பேச்சை ஒட்டுக்கேட்டுக்கொண்டே வந்தேன். 'அங்கே', 'இங்கே' என்ற சொல்லே கிடையாது. மூக்குக்கு நேரே பன்னிரண்டு மணி, வலக்கைப் பக்கம் மூன்று மணி என்று கடிகாரத்தை வைத்துத்தான் திசை. நடுவில் கேப்டன் வரைபடத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. "உன்னிடம்" என்றார். "என்னிடம்" என்று துரைப்பாண்டி வண்டியை ஓட்டும் பிடியை வாங்கிக்கொண்டான். அந்தச் சொல் வரும்வரை அவர் கையை எடுக்கவில்லை. இன்னொரு தடவை கேப்டன் கொஞ்சம் தாழ்த்தப் போனார். "வேண்டாம் சார், மேலே" என்றான் இவன், வயதில் பாதி இருப்பவன். "மேலே" என்றார் அவர், மேலே போனார். கோபமும் இல்லை, குழைவும் இல்லை.

திரும்பும்போது மலையை ஒட்டிக் குற்றாலத்தை நோக்கி வந்தோம். பேரருவி சத்தமே இல்லாமல் ஒரு வெள்ளைத் துணியாகத் தொங்கியது. அதில் சொக்கிப்போயிருந்தவள் சட்டென்று பார்த்தேன். எங்கள் முன்னால், வலது பக்கமாக, மலைக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு கம்பி!

அந்த நேரத்தில் கடிகாரமா ஞாபகம் வரும்? எங்கள் வீட்டில் அடுக்களைக்குள்கூடக் கிழக்கு மேற்கு சொல்லி, 'மேக்க தள்ளி வை' என்றுதான் பேச்சு. "மேக்க! மேக்க கம்பி! மேக்க!" என்று அலறினேன்.

"மேக்க கம்பி" என்றான் துரைப்பாண்டி அடுத்த மூச்சில். உடனே இங்கிலீஷில், "கம்பி, இரண்டு மணி. நில்லுங்கள்."

"கம்பி, இரண்டு மணி. நிற்கிறேன்."

வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு அந்தரத்தில் நின்றேவிட்டது. மூன்று பேரும் பார்த்தோம். மலை இருந்தது, மரம் இருந்தது, கம்பியைக் காணோம். துரைப்பாண்டி என் பக்கக் கண்ணாடியை உற்றுப் பார்த்தான். வெளிப்புறத்தில், கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, ஒரு வாழைநார். அத்தை போட்ட மாலையின் நார்.

எனக்கு உயிரே போய்விட்டது. ஆகாயத்தில் ஒரு வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறேன், ஒரு நாருக்காக! என் வீட்டில் இது நடந்திருந்தால் என் கணவர் இந்தக் கதையைக் கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் துணியோடு சேர்த்துக் கொடுத்திருப்பார். சிரிப்புக்காகக் காத்திருந்தேன்.

"கம்பி இல்லை. கண்ணாடியில் நார்" என்றான் துரைப்பாண்டி.

"கண்ணாடியில் நார். நன்றி மேடம். தொடர்ந்து பாருங்கள்" என்றார் கேப்டன். வண்டி நகர்ந்தது. அவ்வளவுதான்.

இறங்கிய பிறகும் இரண்டு பேரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏன் தம்பி, நான் செஞ்ச கூத்துக்கு உங்களுக்குச் சிரிப்பு வரலையா?" என்று கேட்டேன்.

"இன்னைக்குச் சிரிச்சா நாளைக்குச் சொல்ல மாட்டியள்லா மதினி" என்றான். "நெசமாவே கம்பி தெரியும்போது, இதுவும் நாரா இருக்குமோன்னு யோசிப்பிய. அந்த யோசனையிலதான் ஆளு சாவும்."

சரியாகச் சொன்னவள் பேச்சைக் கேட்பது ஒரு பெரிய காரியமே இல்லை. தப்பாகச் சொன்னவள் அடுத்த தடவையும் சொல்லவேண்டும் என்று நினைக்கிறானே, அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது. மனோவைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம் என்று அந்தத் திடலிலேயே முடிவு செய்தேன். கணவரிடம் சொன்னேன். அவர் "ம்" என்றார்.

மறுநாள் காலை நல்ல நேரம் பார்த்து மாமன் வீட்டில் எல்லாரும் கூடினோம். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பூ, மஞ்சள். அத்தை ஒரு தட்டோடு எழுந்தார், நான் ஒரு தட்டோடு எழுந்தேன்.

"மதினி, ஒரு நிமிசம்" என்றான் துரைப்பாண்டி. எழுந்து நின்றான். "நான் சரின்னு சொல்லி விட்டது உங்க தங்கச்சிக்குப் போயிட்டுல்லா?"

"போயாச்சே. அப்பா அன்னைக்கே சொல்லிட்டாரு."

"அவுக என்ன சொன்னாக? உங்க அப்பா சொன்னது வந்துச்சு. நீங்க சொன்னது வந்துச்சு. அவுக சொன்னது எனக்கு இன்னும் வரல."

மாமன் தொண்டையைக் கனைத்தார். என் கணவர் மேல் விட்டத்தைப் பார்த்தார். நான் தட்டோடு நின்றேன். மனோவிடம் கேட்காமலே அவளுக்காகச் சரி சொல்ல வந்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவளுக்காக எத்தனை ஆத்திரப்பட்டுக்கொண்டு புறப்பட்டவள் நான்!

"என்னலே பேசுத? தட்ட எடுத்தாச்சு" என்றார் அத்தை. "இப்பம் போயி கேட்டு, அவ வேண்டாம்னு சொல்லிட்டான்னா?"

"வேண்டாம்னு கேட்டுக்கிடுவேன் யம்மா."

அத்தை மகனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தட்டைக் கீழே வைத்தார். நானும் வைத்தேன்.

மனோவின் சம்மதம் கேட்டுத் தந்தி கொடுக்கத் தென்காசித் தபாலாபீசுக்குப் போனோம். அனுப்புகிறவர் இடத்தில் என் பெயரை எழுதப் போன என் கணவரைத் தடுத்து, துரைப்பாண்டி பெயரை எழுதச் சொன்னேன். மாப்பிள்ளை நேராகப் பெண்ணுக்குத் தந்தி கொடுப்பதா, ஊர் சிரிக்கும் என்றார். சிரிக்கட்டும் என்றேன். இந்தத் தடவை அவர் காதில் விழுந்தது. எழுதினார்.

பதில் வரும்வரை யாருக்கும் சோறு இறங்கவில்லை. கேப்டன்கூடத் திடலிலிருந்து ஆள் விட்டு விசாரித்தார். தந்தி மேலகரம் வீட்டுக்கு வந்தபோது உறையின்மேல் என் பெயரும் இல்லை, மாமன் பெயரும் இல்லை. துரைப்பாண்டி என்று மட்டும் இருந்தது. பிரிக்காமல் அவன் கையில் கொடுத்தோம்.

படித்தான். கழுத்திலிருந்து காதுவரை சிவந்தது.

"என்னலே சொல்லுதா?" என்று அத்தை கத்தினார்.

"சரின்னு சொல்லுதாக."

அத்தை போட்ட குலவை குற்றாலம்வரை கேட்டிருக்கும். மாமன் மனைவி தட்டுகளைத் தேடி ஓடினார், என் கணவர் யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலுக்கு நடுவே துரைப்பாண்டி ஒருவன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று, அந்தத் தாளை மறுபடியும் முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தான்.